ஆயுத பூஜைக்கு வைத்த காயில்கள்

எங்கள் கம்பெனியில் இப்போது ஒரு கதை நடமாடுகிறது. அணுமின் நிலைய ஆர்டரில் வந்த குறையை முதலாளி நஞ்சுண்டனே கண்டுபிடித்தாராம். வால்வுக்குச் செய்கிற காயில் ஒன்றைக் கையில் எடுத்தாராம், உருட்டிப் பார்த்தாராம், ‘இதை அறுத்துப் பாருங்க’ என்றாராம். புதிதாகச் சேருகிற ஆட்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் வேங்கடசாமி டீ டம்ளரும் கையுமாக நின்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அந்தக் கம்பெனியின் வேன் டிரைவர். பெயர் பங்காரு. அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். அறுத்தது யார், அறுக்காதே என்று கத்தியது யார், இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன்.

அறுத்தவள் நாச்சியம்மாள். அவள் தங்கமானவள், பொறுமைசாலி என்றெல்லாம் எழுத நான் வரவில்லை. அப்படி எழுதினால் அவளே செருப்பைக் கழற்றிக்கொண்டு வருவாள். கம்பெனியில் அவளிடம் ஏச்சு வாங்காத ஆள் கிடையாது. வேனில் இருந்து பெட்டியை இறக்கும்போது கொஞ்சம் சத்தம் வந்துவிட்டால் போதும், உள்ளே இருந்தே குரல் வரும். “ஏம்ப்பா பங்காரு, பொட்டிய எறக்கறயா, பொணத்த எறக்கறயா?” முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அவள் சிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லட்டும், நான் டீ வாங்கித் தருகிறேன்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் லாரி ஓட்டினான். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை, விபத்து. அப்போது மகள் லோகப்பிரியா இடுப்புக் குழந்தை. புருஷனின் பங்காளிகள் தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, ‘இங்கே இருந்துக்க, வேலைவெட்டியைப் பாரு’ என்றார்களாம். அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு கிட என்பதுதான் அதற்கு அர்த்தம். முகத்தில் அடித்தாற்போல் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சரவணம்பட்டிக்கு வந்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். பிறகு கம்பி சுற்றினாள். பிறகு ரீவொர்க் டேபிளுக்கு மாற்றினார்கள். இன்று வரை அந்த டேபிள்தான்.

நாங்கள் செய்வது வால்வுக்கான காயில். மெல்லிய செம்புக் கம்பியை நூல்கண்டு போலச் சுற்றி, அதன் மேல் கறுப்பு ரெசினை ஊற்றிக் கட்டியாக்குவோம். கரண்டு பாய்ந்தால் அது காந்தமாகி உள்ளே இருக்கிற இரும்புத் தண்டை இழுக்கும். வால்வு திறக்கும், அல்லது மூடும். செய்யும்போது குறைபட்டுப் போகிற காயில் எல்லாம் நாச்சியம்மாளிடம் வரும். ரெசினில் துளை விழுந்திருக்கும், வயர் கழன்றிருக்கும், டெர்மினல் கோணிக்கொண்டிருக்கும். அவள் சுரண்டுவாள், தேய்ப்பாள், திரும்ப ஊற்றுவாள், அடுப்பில் வைத்து எடுப்பாள். யார் செய்த பீஸ் என்று பார்த்து அவர்கள் இடத்துக்கே போய்த் திட்டிவிட்டு வருவாள். “இது காயிலா, கழுதை உட்டையா? எவ ஊத்துனா இத?”

அவளுக்கு ஜென்மப் பகை ஒருவனோடுதான். டெஸ்டிங் நிஜாம். உக்கடத்தில் இருந்து பைக்கில் வருகிறவன். அதிகம் பேசமாட்டான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான். அவன் டெஸ்டில் தேறாத காயிலுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி அவள் டேபிளில் வைத்துவிட்டுப் போவான். அவள் சரிசெய்து அனுப்புவாள். சில சமயம் மறுபடி சிவப்புச் சீட்டோடு வரும். அன்றைக்குக் கம்பெனியே காதைப் பொத்திக்கொள்ளும்.

“ஏம்ப்பா நிஜாமு, உன்ற மிசினுக்குக் காய்ச்சல் கண்டிருச்சா? நல்ல பீசயெல்லாம் தள்ளி உடற?”

“மிஷினுக்கு ஒண்ணுமில்லக்கா. பீசுக்குத்தான் காய்ச்சல். பாத்து மருந்து குடுங்க.”

“உன்ற நாக்குல வசம்பத் தேய்க்கோணும்.”

இப்படித்தான் தினமும். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அது ஆயுத பூஜை அன்று, சைக்கிள் ஸ்டாண்டில்.

அன்றைக்குக் கம்பெனியைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, வாழைமரம் கட்டி, முதலாளி குடும்பத்தோடு வந்து பூஜை போடுவார். நிஜாமை யாரும் உள்ளே வராதே என்று சொன்னதில்லை. ஆனால் தீபத் தட்டு நீட்டப்படும்போது அவன் என்ன செய்வான் என்று எல்லாக் கண்ணும் அவன் மேல் இருக்கும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று வெளியே நின்றுகொள்வான். நாச்சியம்மாள் கதை வேறு. அவளையும் யாரும் வராதே என்று சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளே போய் நின்றிருக்கிறாள். குங்குமத் தட்டோடு வந்த முதலாளி வீட்டு அம்மாள் ஒவ்வொரு பெண்ணுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, இவள் முன்னால் வந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டாள். அதோடு சரி. அடுத்த வருஷத்தில் இருந்து சைக்கிள் ஸ்டாண்டு. நானும் அன்றைக்கு வெளியேதான் இருப்பேன், வேனுக்கு மாலை போடுவதற்கும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கும்.

அந்த வருஷம் பூஜை தடபுடலாக இருந்தது. காரணம் அணுமின் நிலைய ஆர்டர். பீளமேட்டுப் பம்புசெட்டுக்காரர்களுக்குச் சாமான் செய்து கொடுத்தே காலம் தள்ளிய கம்பெனிக்கு அது பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி. முதலாளி பத்து தடவை யோசித்து, விரதம் இருந்து, கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டு, சாமி உத்தரவு வாங்கி ஒப்புக்கொண்ட ஆர்டர். ஒவ்வொரு காயிலுக்கும் நம்பர் உண்டு. அங்கே ஏதாவது கோளாறாகி எங்கு பார்த்தாலும் கொதிக்கிற ஆவி சூழ்ந்துகொண்டாலும் இந்தக் காயில் வேலை செய்தாக வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் அதை வாங்குகிறார்கள்.

கம்பி சுற்றி முடித்து, ரெசின் ஊற்றக் காத்திருந்த காயில்கள் தட்டுத் தட்டாக உள்ளே இருந்தன. மணிச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்பதைவிட நெடுநேரம் கேட்டது. உள்ளே என்ன நடந்தது என்று வெளியே நின்ற எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. கடைசியில் முதலாளி சந்தனமும் குங்குமமும் படிந்த விரல்களோடு வெளியே வந்து, என் வேனின் இரண்டு விளக்குக்கும் பொட்டு வைத்தார். கண் கலங்கி இருந்தது. நிஜாமும் நாச்சியம்மாளும் ஒரே பொட்டலத்தில் பொரி தின்றுகொண்டு, கடலையை யார் அதிகம் பொறுக்கினார்கள் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

லீவு முடிந்து ரெசின் ஊற்றினார்கள். சாதாரண டெஸ்டில் எல்லாக் காயிலும் தேறின. வேங்கடசாமி மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு ஆவி டெஸ்ட். பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பெட்டிக்குள் காயிலை வைத்து ஆவியில் வேகவிட்டு எடுத்து, கம்பியில் இருந்து கரண்டு வெளியே கசிகிறதா என்று பார்ப்பது. அதில் விழ ஆரம்பித்தது. எல்லாமும் விழவில்லை. இங்கொன்று, அங்கொன்று. அதுதான் எல்லோரையும் கிறுக்குப் பிடிக்க வைத்தது.

விழுந்தவை நாச்சியம்மாள் டேபிளுக்கு வந்தன. மேலே ஊசித் துளை போல ஒரு புள்ளி தெரியும். சுரண்டி, ரெசின் வைத்து, சுட்டு அனுப்பினாள். ஆவிப் பெட்டிக்குப் போய் மறுபடி விழுந்தது. மறுபடி சரிசெய்தாள், மறுபடி விழுந்தது. நிஜாம் சிவப்புச் சீட்டோடு வந்தால் அவள் கையில் இருக்கும் உளியைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கும்.

“உன்ற பொட்டிதான்டா கோளாறு. நான் வெச்ச ரெசின் கல்லு மாதிரி நிக்குது.”

“பொட்டிய வெளி ஆள வெச்சுப் பாத்துட்டேன்க்கா. சரியாத்தான் இருக்கு. உங்க வேலைதான் நிக்கல.”

“என்ற வேலையச் சொல்ற அளவுக்கு ஆயிட்டயா நீ?”

இந்தச் சண்டையை வேங்கடசாமி வேடிக்கை பார்த்தார். பார்த்துவிட்டு அதில் தனக்கு ஒரு வழியைக் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை ஆர்டர் கொடுத்தவர்களின் இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் யார் தலையையாவது கொடுத்தாக வேண்டும். கேண்டீனில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நிஜாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்.

“டெஸ்ட் ரூமுக்குள்ள தனியா இருக்கறது ஒரே ஆளுதானுங்க. உள்ள என்ன பண்றான்னு ஆரு கண்டா? அணு உலைச் சமாச்சாரம். ஒருத்தன் வேணும்னே பண்ணியிருந்தா?”

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று கோயமுத்தூரில் இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம். நிஜாம் என்று பெயர் வைத்திருக்கிறவன் மேல், அணுமின் நிலையச் சாமானை வேண்டுமென்றே கெடுத்தான் என்று ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால், அவன் அதை எங்கே போய்க் கழுவுவான்? வேலையோடு நிற்குமா அது? வீட்டு வாசலில் வந்து நிற்காதா? நிஜாம் பாதிச் சாப்பாட்டில் டிபனை மூடினான்.  சுற்றி இருந்த அத்தனை பேரும் அவரவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அப்போது வாய் வரவில்லை.

நாச்சியம்மாள் கை கழுவப் போனவள் திரும்பி வந்தாள். “ஏனுங்க வேங்கடசாமி அண்ணா. இவன் ஒரு சிடுமூஞ்சி. இவன்கூட நான் தெனமும் மல்லுக்கட்டறேன். அதுக்காவ இப்படிக் கண்டதயும் பேசுவீங்களா? வாயில பல்லுதான இருக்குது?”

“அப்ப உன்ற ரீவொர்க்தான் தப்புன்னு எழுதிக் குடு. அவன உட்டர்றோம்.”

அவளால் அதையும் செய்ய முடியாது. அவள் வேலையில் தப்பில்லை. சனிக்கிழமை நிஜாமுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவது என்று முதலாளி அறையில் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் அவள், விழுந்த காயில்களை எல்லாம் டேபிளில் வரிசையாகப் படுக்க வைத்தாள். நான் பெட்டி எடுக்கப் போனவன் அங்கே நின்றுவிட்டேன். ஒவ்வொன்றிலும் புள்ளியைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக் காட்டினாள். எல்லாம் ஒரே பக்கம். தட்டில் வைத்தால் மேலே பார்த்து இருக்குமே, அந்தப் பக்கம், நட்ட நடுவில்.

“பாத்தயா பங்காரு? ரெசின் கோளாறுன்னா கண்ட எடத்துல ஓட்ட உழுகோணும். ஆவிப் பொட்டி கோளாறுன்னாலும் அப்படித்தான். இது ஆரோ அளந்து வெச்ச மாதிரி நடுவுல உழுகுது.”

நேரே கம்பி சுற்றுகிற பெண்களிடம் போனாள். புவனா என்று ஒருத்தி, அந்தப் பகுதிக்குத் தலைவி மாதிரி. அவளிடம் கேட்டாள். “ஏம்புள்ள புவனா, ரெசின் ஊத்தறதுக்கு மின்னாடி இதும்மேல என்ன வெச்சீங்க? டேப்பா, பசையா, என்ன?”

புவனா பதில் சொல்லவில்லை. கம்பியைச் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் குனிந்தாள். அந்த வரிசையே குனிந்தது. ஒன்றும் வைக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், அதுகூடச் சொல்லவில்லை.

“என்ன, அல்லாருக்கும் வாயில கொழுக்கட்டயா?” என்றாள் நாச்சியம்மாள்.  அவள் முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்து நானே இரண்டடி தள்ளி நின்றேன்.

நம்பர் போட்ட காயிலை அனுமதி இல்லாமல் அறுப்பது எங்கள் கம்பெனியில் திருட்டுக்குச் சமம். அந்த ஆர்டர் வந்தபோது அதைச் சொல்லித்தான் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் ஒரு காயிலை எடுத்து, இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்து முறுக்கினாள். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடை எடுத்தாள். முதல் இழுப்பிலேயே வேங்கடசாமி ஓடி வந்தார்.

“ஏய் நாச்சியா! கைய எடு! அது நம்பர் பீசு. அறுத்தீன்னா உன்ற வேல இன்னையோட போச்சு!”

“போவட்டுங்க.” அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறுத்துக்கொண்டே இருந்தாள். கறுப்புத் தூள் அவள் சேலையெல்லாம் கொட்டியது. வேங்கடசாமி அவள் கையைப் பிடிக்கப் போனார். நான் நடுவில் போய் நின்றேன். “பொம்பள மேல கைய வெச்சீங்கன்னா நல்லாருக்காதுங்க” என்றேன். அந்த ஒன்றாவது என் வாயில் அன்றைக்கு வந்தது.

சத்தம் கேட்டு டெஸ்ட் ரூமில் இருந்து நிஜாமும் வந்துவிட்டான். காயில் இரண்டாகப் பிளந்து டேபிளில் விழுந்தது.

கறுப்பு ரெசினுக்குள், கம்பிச் சுற்றின் மேல், மஞ்சளாக ஒரு வட்டம். அதன் நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும். எங்கே பார்த்தாலும் எவனும் கண்டுகொள்கிற பொட்டு. ஈரத்தோடு வைத்த சந்தனம் சுடும்போது காய்ந்து சுருங்கி, அந்த இடத்தில் ரெசின் ஒட்டாமல் விலகி நின்றது. அந்தச் சந்துக்குள் ஆவி போயிருக்கிறது. பொட்டில் இருந்து செம்புக் கம்பி வரைக்கும் கருகின கோடு ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.

 நிஜாம்தான் முதலில் பேசினான், மெதுவாக. “அக்கா, அத மூடிருங்க. நான் போயிக்கறேன்.”

“என்னது?”

“சாமி குங்குமத்தாலதான் குறைன்னு டெஸ்ட் பண்ணவன் சொன்னான்னு நாளைக்கு வெளிய போகும். சொன்னவன் பேரும் சேந்து போகும். வேல போனா போகட்டும்க்கா. இது வேண்டாம். உங்க காலப் புடிக்கறேன்.”

அவன் சொன்னது பொய்யில்லை.  நாச்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ கம்முனு இரு. நீ எங்கடா சொன்ன? அறுத்தவ நான், சொல்லப் போறவ நான். உன்ற பொட்டி நல்லாத்தான் இருந்துச்சு. போ, போய் சோத்தத் தின்னு.” இரண்டு துண்டையும் முந்தானையில் போட்டுக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தாள். வேங்கடசாமி பின்னால் ஓடினார். நானும் போனேன். புவனாவும் இன்னும் சில பெண்களும் கதவு வரைக்கும் வந்தார்கள்.

நஞ்சுண்டன் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய கைதான் வைத்தது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு மணி ஏன் அவ்வளவு நேரம் அடித்தது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு காயிலாகத் தொட்டு, வேண்டிக்கொண்டு, பொட்டு வைத்திருக்கிறார் மனிதர். சந்தனம் தடிப்பாக விழுந்தது ஆவியில் போயிருக்கிறது, மெல்லிசாகப் பட்டது தப்பியிருக்கிறது.

“சாமிக்கு வெச்சது எப்படீம்மா கெடுதல் பண்ணும்?” என்று கேட்டார். 

“சாமி மேல குத்தமில்லீங்க. நானும் மாசாணியம்மனக் கும்புடறவதான். பொட்ட மிசின் மேல வெய்ங்க, வேன் மேல வெய்ங்க, என்ன வேணா பண்ணுங்க. ரெசினுக்குள்ள போற சாமான் மேல எதுக்குங்க வெச்சீங்க? ஒரு தூசி படக்கூடாதுன்னு எங்கள மட்டும் கையில உறையப் போட்டுட்டு வேல செய்யச் சொல்றீங்கல்ல?”

முதலாளி வாயைத் திறக்கும் முன்னே வேங்கடசாமி முந்திக்கொண்டார். “மொதலாளி, இவ பேச்சக் கேக்காதீங்க. பொட்டு வெக்க முடியாத வயித்தெரிச்சல். நல்ல காரியத்துல வைக்கற பொட்டப் பாத்தாலே இவளுக்கு ஆவாது.”

அந்தச் சொல் அறைக்குள் விழுந்தது. நான் முதலாளி முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ‘வேங்கடசாமி, வாய மூடு’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் காயில் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொதிக்கிறது.

நாச்சியம்மாள் அழவில்லை. அவள் குரல் மட்டும் இறங்கியது. “ஆமாங்க, வெக்க முடியாதவதான். அதனாலதான் அது அழிஞ்சா என்னாவும்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க மொதலாளி. அந்த வால்வு வேணுங்கற நேரத்துல தொறக்காம நின்னா, அங்க வேல செய்யற ஆம்பளைங்க ஊட்டுல எத்தன பேருக்கு நான் நிக்கற எடம் வரும்?”

முதலாளி நிமிர்ந்தார். கதவோரம் நின்ற பெண்களைப் பார்த்தார். “நான் இத வெக்கும்போது நீங்கெல்லாம் பாத்தீங்களா?”

புவனா முந்தானையைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“தப்புன்னு தெரியுமா?”

“தெரியுமுங்க. எது பட்டாலும் தொடச்சுப்போடோணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க. மொதலாளி கையால வெச்சதுங்க. எப்படிங்க தொடைக்கறது?”

“உனக்கு?” வேங்கடசாமியைக் கேட்டார்.

“மொதலாளி கை ராசிங்க...” என்று இழுத்தார் வேங்கடசாமி.

ஆக, உள்ளே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். புள்ளி எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது, எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் நிஜாமும் நாச்சியம்மாளும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவதைப் பார்த்துக்கொண்டு கம்பி சுற்றினார்கள். தெரிந்துகொண்டேதான் கேண்டீனில் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மனம் நோகக்கூடாதாம். ஒருத்தன் பிழைப்பும் பேரும் நாசமாகப் போகலாம், முதலாளி மனம் மட்டும் நோகக்கூடாது. மரியாதைக்குப் பெயர்போன ஊர் எங்கள் ஊர். வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டுப் பேசுவோம். அந்த மரியாதையின் லட்சணத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தட்டுல இருந்த எல்லாத்தயும் அறுங்க” என்றார் முதலாளி.  நிஜாமின் வேலை போகவில்லை. இன்ஸ்பெக்டரிடம், ரெசினுக்கு அடியில் அந்நியப் பொருள், எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தருகிறோம் என்று முதலாளியே சொன்னார். அந்த மட்டில் மனிதர் நேர்மைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். காயில்களை உடைத்து, செம்பைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, மறுபடி ஊற்றினோம். ஆவிப் பெட்டியில் ஒன்றும் விழவில்லை. நாச்சியம்மாளுக்குப் பரிசு என்ன தெரியுமா? அனுமதி இல்லாமல் அறுத்ததற்கு எச்சரிக்கைக் கடிதம். அதை அவள் நாலாக மடித்து, ஆடுகிற டேபிள் காலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

நிஜாம் அவளுக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த வாரமே வேறொரு ஆர்டரில் சிவப்புச் சீட்டோடு வந்து நின்றான். அவள் அவனை வண்டி வண்டியாக ஏசினாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. கம்பி சுற்றுகிற அறைக்குப் பூட்டுப் போட்டு, பூஜையை மெஷின் ஹாலோடு நிறுத்திக்கொண்டார்கள். வழக்கம் போல நாங்கள் மூன்று பேரும் சைக்கிள் ஸ்டாண்டில். மணி அடிக்கும் முன்னால் முதலாளியே வெளியே வந்தார். பின்னால் வேங்கடசாமி, புவனா, இன்னும் ஆட்கள். எல்லோரும் பார்க்கும்படி நின்று சொன்னார்.

“நாச்சியம்மா, உள்ள வாங்க. இந்த வருசம் நீங்களும் வந்து நில்லுங்க. ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

முதல் தடவையாக அவளுக்கு வாங்க போங்க போட்டார். புவனாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. வேங்கடசாமிகூட விலகி வழிவிட்டார். நாச்சியம்மாள் கையில் இருந்த பொரியைத் தட்டிவிட்டு எழுந்தாள். போகப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

“வேண்டாங்க மொதலாளி,” என்றாள். “உள்ள வந்து நின்னா நானும் கம்முனு இருக்கோணும். நான் இங்கயே இருந்துக்கறனுங்க.”

 யாரும் முதலாளி முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரும்பி உள்ளே போனார், மற்றவர்களும் போனார்கள். மணிச் சத்தம் கேட்டது. நாச்சியம்மாள் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

“ஏன்டா நிஜாமு, இதுல இருந்த கடல எங்க?”